ஆறாவது பாட்டுக் கார்டு

ஆகஸ்ட் 7, 2023, திங்கள்

இந்த நோட்டு நானாக ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற ஷமீனா, "ஆன்ட்டி, அங்கிள் ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்தை சொல்லுறாங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்க. அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி எழுதுங்க" என்றாள். முக்குக் கடையில் நாற்பது பக்க நோட்டு கேட்டேன், இல்லை என்றான். இருநூறு பக்கம்தான் இருந்தது. இருநூறு பக்கத்துக்கும் வார்த்தை வரட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

இன்று அவர் சொன்ன வார்த்தை: நாளைக்கு.

அது ஒன்றுதான். ஜூலை பத்தாம் தேதி காலையில் சீட்டியடித்துக்கொண்டே சவரம் செய்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்கட்டு. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகின்றன. பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'நாளைக்கு' என்று மட்டும் வருகிறது. தண்ணீர் வேண்டுமா? நாளைக்கு. தலை வலிக்கிறதா? நாளைக்கு. சாமியார் வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் கொடுத்தபோது, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நாளைக்கு என்றார். சாமியார் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இருந்தாலும் ஆண்டவருக்கு நன்றி. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வரவில்லை.

மூன்று மாதத்துக்குள் வருகிற பேச்சுதான் சுலபமாக வரும், பிறகு ரொம்பச் சிரமம் என்கிறாள் ஷமீனா. ஒரு மாதம் போய்விட்டது. "என் பேரைச் சொல்லுங்க" என்று தினமும் கேட்கிறேன். கசில்டா. பெரிய பெயர் ஒன்றும் இல்லை. என் முகத்தையே பார்க்கிறார், உதடு அசைகிறது, வேர்க்கிறது, கடைசியில் நாளைக்கு என்கிறார். அவருக்கு வேறு எந்தச் சொல் வராவிட்டாலும் போகட்டும், என் பெயர் ஒன்று வந்தால் போதும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நாளைக்கு. பதினோரு தடவை.

சாளை வாங்கினேன். முள் எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் அள்ளியதில் பாதி சட்டையில் விழுந்தது. தட்டைத் தள்ளிவிட்டார். நான் சத்தம் போட்டேன். இருபத்து மூன்று வருடம் கப்பல் எஞ்சின் அறையில் அத்தனை பெரிய இயந்திரங்களைக் கட்டி ஆண்ட பெர்க்மான்ஸ் மோத்தா, சின்னப்பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 10, வியாழன்

நாளைக்கு. வேறொன்றும் இல்லை.

ரோச் வீட்டுப் பெண்ணின் கல்யாண ரவிக்கை இரண்டு தைத்துக் கொடுத்து முடித்தேன். தையல் மிஷின் சத்தம் கேட்டால் அவர் தூங்கிவிடுகிறார். அதற்கும் நன்றி.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கோயிலுக்குக் கூட்டிப்போக இன்னும் முடியவில்லை. டிவியில் பூசை போட்டுவிட்டு அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பாட்டு வந்தது. கூட ஓர் ஆண் குரல் கேட்டது. டிவிதான் என்று நினைத்தேன். பிறகுதான் அந்தக் குரல் ஹாலில் நாற்காலி இருக்கும் பக்கமிருந்து வருவது உறைத்தது.

கரண்டியோடு ஓடினேன். அவர் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு அடி முழுசாக, ஒரு சொல் தப்பாமல், நல்ல தமிழில்! பாட்டு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, என் பேரைச் சொல்லுங்க" என்றேன்.

நாளைக்கு.

அவருக்கே தாங்கவில்லை. நாற்காலிக் கையை ஓங்கி ஓங்கி அடித்தார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஷமீனாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "பேச்சு இருக்க இடம் வேற, பாட்டு இருக்க இடம் வேற ஆன்ட்டி. அங்கிளுக்கு முன்வாசல் அடைச்சுக் கெடக்கு. பின்வாசல் வழியா வர்றாங்க. வரட்டும். அவங்க வாலிபத்துல திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு ஏதும் இருக்கா? அதைப் போட்டுவிட்டுக் கூடவே நம்ம வார்த்தையையும் ராகமா சேத்துப் பாக்கலாம்" என்றாள்.

நான் யோசிப்பதற்குள் அவர் இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். "நாளைக்கு! நாளைக்கு!"

சுவரில் ஐந்து கார்டுகள் மாட்டியிருக்கின்றன. கல்யாணமான புதிதில், எண்பதிலும் எண்பத்தொன்றிலும், ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அவர் அனுப்பிய வாழ்த்து அட்டைகள். பனி மூடிய கோயில் ஒன்று, ரோஜாக் கொத்து ஒன்று, சிவப்புத் துண்டு கட்டிய பெண் ஒன்று, கிறிஸ்மஸ் மரம் மாதிரி புதுவருஷ மரம் ஒன்று, ஒரு துறைமுகம். படத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு தாள் ஒட்டி, அதில் வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் ஓடும். அதுதான் இசைத்தட்டு. ரெக்கார்டு பெட்டியில் வைத்து ஊசியைப் போட்டால் கார்டே பாடும். நடுவில் இதற்கென்று ஓட்டை உண்டு. ஆணியில் மாட்ட அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

"ஆத்தாடி, இது பாடுமா?" என்றாள் ஷமீனா. "என்ன பாட்டு ஆன்ட்டி?"

"வெளிநாட்டுப் பாட்டு. நல்லா இருக்கும்" என்றேன்.

நாற்பத்திரண்டு வருடமாகச் சொல்கிற பதில். வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இந்த நோட்டை அவரால் இப்போது வாசிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்: அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா பரலோகத்துக்குப் போன திருநாள். பாயசம் வைத்தேன். வார்த்தை: நாளைக்கு.

மஸ்கட்டிலிருந்து மகள் ஜெசிந்தா பேசினாள். "ரெக்கார்டு பெட்டி ஆர்டர் போட்டா வர பத்துப் பதினஞ்சு நாளாகும்மா. எதுக்கு? பெர்ட்டில்டா அத்தை வீட்டுல இருக்குல்லா?" என்றாள்.

"பதினஞ்சு நாளாகட்டும். ஆர்டர் போடு" என்றேன்.

"நீ திருந்தவே மாட்டம்மா" என்று வைத்துவிட்டாள்.

பெர்ட்டில்டா மைனி அவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ரெக்கார்டு பெட்டி இருந்த ஒரே வீடு. நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், கோயில் வாசலில் வைத்து நாலு பேர் கேட்க, "கப்பக்காரன் காசப் பாத்துல்லா வந்திருக்கா" என்று சொன்னார். ஏதோ ஒரு புடவைப் பேச்சில் வந்த வார்த்தை. அதோடு அந்த வாசல்படியை நான் மிதிக்கவில்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் தலையசைப்பேன். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தம்பியைப் பார்க்க வந்தபோதுகூட மருந்து வாங்கும் சாக்கில் நான் வெளியே போய்விட்டேன்.

கார்டு வரும்போதெல்லாம் கூடவே கடிதத்தில் எழுதுவார்: கப்பல் மெஸ்ஸில் போட்டுக் கேட்டுப் பிடித்ததைத்தான் அனுப்புகிறேன், அக்கா வீட்டில் போய்க் கேள். நான் என்ன எழுதுவது? உங்கள் அக்கா இப்படிச் சொன்னார் என்று நடுக்கடலில் இருக்கிறவருக்கு எழுதவா? 'மைனி வீட்டில் தினமும் கேட்கிறேன், ரொம்ப நல்லா இருக்கிறது' என்று எழுதிவிட்டேன். முதல் கார்டுக்கு எழுதியதை எல்லாக் கார்டுக்கும் எழுத வேண்டியதாயிற்று. பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது, ரெக்கார்டு பெட்டியை யாரும் தேடவில்லை. லீவில் வந்தவர் எப்போதாவது, 'அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்போமா' என்பார். 'கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு' என்று சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

சாப்பிட மாட்டேன் என்கிறார். சுவரையே காட்டுகிறார். இன்று வார்த்தையே இல்லை, அந்த ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

போனேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டேன். கதவு திறந்துதான் கிடந்தது. "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நான்தான் மைனி, கசில்டா."

நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, "தம்பிக்கு என்னட்டி?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இழவு சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வேறெதற்கும் வர மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

"அவியளுக்கு ஒண்ணுமில்ல மைனி. நல்லாத்தான் இருக்காவ."

அப்போதுதான் மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். எழுபத்தைந்து வயது. இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கின்றன. என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து, "சீனி வியாதிக்காரிக்கு மக்ரூன் கொண்டாந்திருக்கா பாரு" என்றார். சொல்லிவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பெட்டி ஓடுமா என்று கேட்டேன்.

"ஓடாம? கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் தொடச்சுப் போடுதேன்லா. நாளக்கழிச்சுப் பூச முடிஞ்சதும் கூட்டிட்டு வா."

எழுந்தேன். "இருட்டி" என்றார். "ஒண்ணு கேக்கணும். நாப்பது வருசமா வயித்துக்குள்ள கெடக்கு. நீ தெனமும் இங்கன வந்து பாட்டு கேக்குதன்னு அவன் எனக்கு எழுதியிருந்தான். சந்தோசம் அக்கான்னு எழுதியிருந்தான். நீ இந்த வாசல எட்டிக்கூடப் பாக்கல. நான் என்னன்னு பதில் எழுத?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வித்தியாசமே இல்லை.

"ஆமா, வாரா, கேக்கான்னு எழுதிட்டேன்" என்றார் மைனி. "லீவுல வந்து கேட்டான். அப்பவும் அதத்தான் சொன்னேன். எம் மேல உள்ள கோவத்துல நீ வரல. அதுக்கு அவன் ஏன் மனசு சங்கடப்படணும்? அன்னைக்குக் கோயில் வாசல்ல நான் சொன்னது தப்புட்டி. சொன்ன வாயோட தெரியும். எறங்கி வந்து சொல்லத்தான் மனசு வரல."

நான் சொன்ன பொய்யை எனக்குத் தெரியாமல் நாற்பத்திரண்டு வருடம் ஒருத்தர் தாங்கிப் பிடித்திருக்கிறார். அவரைத்தான் என் எதிரி என்று எண்ணிக்கொண்டு நான் காலம் தள்ளியிருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, மன்னிச்சிருங்க" என்றேன். "போட்டி போ, சோறு பொங்கு" என்று விரட்டினார்.

ஜெசிந்தாவுக்கு போன் போட்டு ஆர்டர் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சிரித்தாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வார்த்தைகள்: நாளைக்கு, போடு. இரண்டு!

ஆட்டோவில் கூட்டிப்போனேன். மைனி ஹாலில் பெட்டியைத் திறந்து தயாராக வைத்திருந்தார். தட்டின் மேல் ஒரு பெரிய ரெக்கார்டை வைத்து, அதற்கு மேல் கார்டை வைத்தார். இல்லாவிட்டால் கார்டு வழுக்குமாம். ஊசி துள்ளாமல் இருக்க, ஊசிக்கையின் மேல் பழைய ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் வைத்தார். முதலில் வேகத்தைத் தப்பாக வைத்துவிட்டார். சிவப்புத் துண்டு கட்டிய பெண் நல்லதங்காள் மாதிரி ஒப்பாரி வைத்தாள். அவர் இடது கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான் அவர் சிரித்துப் பார்க்கிறேன்.

பிறகு சரியான வேகத்தில் பாட்டு வந்தது. ஆணித்துரு பட்ட இடத்தில் கொஞ்சம் கரகரத்தது. எனக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது!

தினமும் காலையில் சவரம் செய்யும்போது அவர் சீட்டியடிக்கிற மெட்டு. நாற்பத்திரண்டு வருடமாக, அவர் வீட்டில் இருந்த நாளெல்லாம், அடுக்களையில் நின்று கேட்ட மெட்டு. ரோஜாக் கொத்தும் அப்படித்தான், பனிக் கோயிலும் அப்படித்தான். என்ன பாட்டு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. எனக்கும் தெரிந்த பாட்டு என்று நினைத்து, எனக்காகத்தான் அத்தனை காலையும் அவர் சீட்டியடித்திருக்கிறார். எவ்வளவு பெரிய மக்கு நான்.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பாடு என்று தலையை ஆட்டினார். பாடினேன். வாயை மூடிக்கொண்டு முனகினேன். ஒரு இடம் தப்பவில்லை. அவரும் சேர்ந்துகொண்டார். மைனி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து கார்டும் முடிந்ததும், "போடு" என்றார். தெளிவாக, அதிகாரமாக, கப்பலில் சொல்கிற மாதிரி. மைனி குதிக்காத குறை. திரும்ப ஐந்தையும் போட்டோம்.

கிளம்பும்போது அவர் என் சேலையைப் பிடித்து இழுத்து, ஐந்து விரலைக் காட்டினார். பிறகு ஒரு விரல். என்ன என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

போடு, நாளைக்கு.

ஐந்து விரல், ஒரு விரல். ஆறு. ஆறு இட்லி வைத்தேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஆறு மணியா என்று கேட்டேன். ஆறாம் தேதியா என்று கேட்டேன். ஷமீனா, "ஆறு பேரா அங்கிள்?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விட்டுவிட்டோம்.

ஷமீனா பயிற்சியில் என் பெயரை ரோஜாப் பாட்டு மெட்டில் இழுத்துப் பாடச் சொன்னாள். மெட்டு வருகிறது. பெயர் வரவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஒரு சின்னப் பிள்ளைக்கு, முதல் தடவை நன்மை வாங்கும் புதுநன்மை நாளுக்குக் கவுன் தைக்கக் கொடுத்திருந்தார்கள். கழுத்துக்குப் பழைய லேஸ் பொருந்தும் என்று மிஷினின் அடி டிராயரைக் குடைந்தேன். ஒரு அட்டையில் சுற்றி வைத்திருந்த லேஸ் அகப்பட்டது. பிரித்துக்கொண்டே வந்தேன். கடைசிச் சுற்று விலகியதும் அட்டையின் மேல் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தன.

ஆறாவது கார்டு.

நினைவு வந்துவிட்டது. எண்பத்தொன்றில் வந்தது. கருப்பு வெள்ளையில் மங்கலாக ஒரு படிக்கட்டு, பின்னால் ஒரு கப்பல். மற்றதெல்லாம் கலர் கலராக இருக்க, இது லட்சணமாக இல்லை என்று மாட்டவில்லை. லேஸ் சுற்ற வாகான அளவு. சுற்றி வைத்துவிட்டேன்.

பின்பக்கம் அவர் கையெழுத்து: 'ஒடெசா, 2.3.1981. இதைத் தனியாகக் கேள்.'

கொண்டுபோய்க் காட்டினேன். கார்டை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கொடுக்க மாட்டேன் என்கிறார். மைனிக்கு போன் செய்தேன். நாளைக்கே வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

கேட்டோம். அவருடைய குரல்.

இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

காலையில் மீன்காரி வந்தாள், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவருக்குக் கஞ்சி கொடுத்தாயிற்று. உட்கார்ந்து எழுதுகிறேன். ஷமீனாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப் போவதில்லை.

மைனி ஊசியை வைத்துவிட்டு, 'தனியாகக் கேள்' என்று போட்டிருக்கிறதே என்று அடுக்களைக்குப் போய்விட்டார். லேஸ் மூடியிருந்ததால் கார்டில் ஒரு கீறல் இல்லை. முதலில் இரைச்சல். பாட்டு வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு இளந்தாரி தொண்டையைச் செருமினான்.

"கசில்டா, நான்தான் பெர்க்மான்ஸ் பேசுதேன். நல்லா இருக்கியா? இங்கன குளிரு ஆளக் கொல்லுது. ஒரு போட்டோக் கடையில நின்னு பேசுதேன். நாம பேசுனா கார்டுல பதிஞ்சு குடுக்காவ. மூணு நிமிசந்தான். காயிதத்துல கேட்டா நீ யோசிச்சு யோசிச்சு எழுதுவ, அதான் வாயால கேக்குதேன். நம்ம ஹார்பர்ல ஆள் எடுக்காவளாம். சம்பளம் கொறவுதான். எனக்குக் கடலு போதும்னு இருக்கு பிள்ள. உன்ன விட்டுட்டு இருக்க முடியல. உனக்குச் சம்மதம்னா 'வாங்க'ன்னு ஒரு வார்த்த எழுது. இந்தத் தடவையோட எறங்கிருதேன். எழுதலன்னா, வீடு கட்டுற வரைக்கும் ஓடட்டும்னு நீ நெனைக்கன்னு எடுத்துக்கிடுதேன். அதுலயும் தப்பில்ல. மறுபடி கேட்டு உன்ன நெருக்க மாட்டேன்."

எனக்கு இருபத்திரண்டு வயது அப்போது. இந்தக் கார்டுக்கு நான் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். எல்லாக் கார்டுக்கும் எழுதியது அதுதானே. 'மைனி வீட்டில் தினமும் கேட்கிறேன், ரொம்ப நல்லா இருக்கிறது.'

அந்த அக்டோபரில் லீவில் வந்தார். வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, "கடைசிக் கார்டு கேட்டியா?" என்றார். "கேட்டேன்" என்றேன். "ஒண்ணும் சொல்லலியே?" "என்ன சொல்ல? நல்லா இருந்துச்சு." என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரி, அப்ப ஓடட்டும்" என்றார். என்ன ஓடட்டும் என்று நான் கேட்கவில்லை. குழம்பு ஊற்றினேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஓடினார். ஜெசிந்தா பிறந்தபோது இல்லை. என் அம்மா செத்தபோது இல்லை. நான் ஊரெல்லாம், 'எங்க வீட்டுக்காரருக்குக் கடல்தான் முதல் பெஞ்சாதி' என்று சொல்லித் திரிந்தேன். அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். ஒரு நாளாவது, 'நான் கேட்டேன், நீதான் வரச் சொல்லவில்லை' என்று அவர் வாய் திறந்ததில்லை. பேச்சு நன்றாக இருந்த காலத்திலும் திறக்கவில்லை.

மைனி காபியோடு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தனியாகக் கேள் என்றால் என்ன, அடுக்களை எத்தனை தூரம்? டம்ளரை வைத்துவிட்டு, "நான் அன்னைக்கு ஆமான்னு எழுதியிருக்கக் கூடாதுட்டி" என்றார். "அவ வரலடா, அவ கேக்கலடான்னு ஒரு வரி எழுதியிருந்தா எந்தம்பி எறங்கிருப்பான்."

"பொய் சொன்னது நான் மைனி. நீங்க அவியள அழவிடாம பாத்துக்கிட்டிய. உங்களுக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்தப் பதினெட்டு வருடத்தை நினைத்தால் வயிறு எரிகிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. அவருக்கு என் மேல் ஆசை, மைனிக்குத் தம்பி மேல் ஆசை, எனக்கு வீம்பு. இப்போதாவது கேட்கக் கிடைத்ததே. அவர் ஜூலையில் போயிருந்தால் லேஸோடு லேஸாக அந்தக் குரல் கிடந்திருக்கும். கவுன் தைக்கக் கொடுத்த வீட்டுக்கும் நன்றி.

அவர் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. திரும்பினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போடு" என்றார்.

மைனி மறுபடி போட்டார்.

'மறுபடி கேட்டு உன்ன நெருக்க மாட்டேன்' என்பதோடு கார்டு முடியவில்லை. முதல் தடவை எனக்குக் காது அடைத்துவிட்டதால் மீதியைக் கேட்கவில்லை. ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் ஏதோ சொல்கிறது. இளந்தாரி சிரிக்கிறான். "இன்னும் நேரம் இருக்காம் பிள்ள. வேற என்ன சொல்லன்னு தெரியல. கசில்டா." கொஞ்சம் விட்டு, "கசில்டா." இன்னும் கொஞ்சம் விட்டு, அலுக்காமல், கார்டு முடிகிற வரைக்கும், "கசில்டா. கசில்டா."

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பெட்டியிலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு குரல் கேட்டது. பக்கத்துக் குரல் "சில்டா" என்றது. அடுத்ததற்குச் சரியாக வந்து சேர்ந்துகொண்டது. கார்டு முடிந்து ஊசி வெறுமனே உராய்ந்துகொண்டிருந்தது. மைனி அதை எடுக்க மறந்து நின்றார். அவர் நிறுத்தவில்லை. வேர்வை வழிய, ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்து, "கசில்டா" என்றார்.

"வாங்க" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். இருந்தாலும் சொன்னேன்.